வேலையும் வீடும் ஒரே படத்தில்

உங்கள் வீட்டில் குடும்பப் படம் இருக்கிறதா? இருந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துக்கொண்டே இந்தப் பாடத்தைப் படிக்கலாம்.

படத்தில் யார் யார் இருக்கிறார்கள்? எங்கே நிற்கிறார்கள்? என்ன உடுத்தியிருக்கிறார்கள்?

இப்போது இன்னொரு கேள்வி. அந்தப் படத்தை மட்டும் பார்த்து, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவர் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஏனென்றால் அது ஸ்டுடியோவில் எடுத்த படம். பின்னால் ஒரு திரை தொங்குகிறது. திரையில் அருவி ஓடுகிறது, அல்லது தாஜ்மகால் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பூச்சாடி. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா பட்டுப்புடவை கட்டி நிற்கிறார். பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வழிகிறது.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. வாரம் முழுவதும் வியர்வையில் நனைந்த துணியோடு இருக்கிறோம். ஒரு நாளாவது நல்ல துணி உடுத்தி, அருவிக்கு முன்னால் நிற்க ஆசை வராதா? எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் மாட்டுங்கா லேபர் கேம்பில் வாழும் நமக்கு இன்னொரு படமும் வேண்டும். நம் வேலையும் நம் வீடும் சேர்ந்து தெரிகிற படம். அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

ஒரே அறை

லேபர் கேம்ப் தாராவியின் ஒரு பகுதி. இங்கே பல வீடுகளில் வீடு என்றும் பட்டறை என்றும் தனித்தனியாகக் கிடையாது. இரண்டும் ஒரே அறைதான். விடியும் முன்னே அந்த அறையில் இட்லி வேகிறது. இட்லிப் பானை சைக்கிளில் ஏறிப் போன பிறகு அதே இடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இன்னொரு வீட்டில் தையல் மெஷினுக்குக் கீழே குழந்தை தூங்குகிறது. இன்னொரு வீட்டில் பரண் முழுவதும் தோல் பைகள். ஒரு வீட்டில் முறுக்கு காய்கிறது. அந்த வீட்டுப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் எப்போதும் எண்ணெய் வாசம்.

வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், "இவ்வளவு சின்ன இடத்திலா இருக்கீங்க?" என்று கேட்பார்கள். அந்தச் சின்ன இடத்தில் எத்தனை வேலை நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டுடியோ படத்திலும் அது தெரியாது.

எங்கள் சந்தில் ஒரு ஆச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். அவர் கணவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அப்போது தாராவியில் தோல் பதனிடும் பட்டறைகள் நிறைய இருந்தன. பிறகு அவற்றில் பல மூடப்பட்டன. ஆச்சியின் கணவரும் இப்போது இல்லை. அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது போட்டோ பாஸில் ஒட்டிய படம்.

போட்டோ பாஸ் என்றால் என்ன? 1976-ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசு மும்பையின் குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்த குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அட்டை கொடுத்தது. அதுதான் போட்டோ பாஸ். இந்தக் குடும்பம் இந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. குடிசையை இடிக்க வந்தால் முதலில் காட்ட வேண்டிய காகிதம் அதுதான். அதனால் நம் பெரியவர்கள் நகையைவிட பத்திரமாக அதைப் பெட்டியில் வைத்தார்கள்.

ஒரு நாள் ஆச்சியின் பேரன் அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டான்.

"ஆச்சி, தாத்தா என்ன வேலை பாத்தாவ?"

"தோல் பட்டறையில. கை ரெண்டும் கறை பிடிச்சுக் கிடக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது."

"படத்துல கையே இல்லையே ஆச்சி."

ஆச்சி சிரித்துவிட்டார். "கை மட்டுமா இல்ல? அந்தச் சட்டையே அவர் சட்டை இல்ல. பக்கத்து வீட்டு அண்ணாச்சிகிட்ட வாங்கிப் போட்டது."

தபால்தலை அளவில் ஒரு முகம். கடன் வாங்கிய சட்டை. முப்பது வருடம் தோலோடு மல்லுக்கட்டிய கைகள் படத்தில் இல்லை. அரசுக்கு முகம் போதும். பேரனுக்குப் போதவில்லை.

உருக்காலையில் ஒரு படம், வீட்டில் ஒரு படம்

தொழிலாளியின் வேலையும் குடும்பமும் சேர்ந்து தெரியவேண்டும் என்று பாடுபட்ட ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் மில்டன் ரொகோவின். 1909-இல் பிறந்தார். 101 வயது வரை வாழ்ந்து 2011-இல் இறந்தார்.

அவர் பிழைப்புக்குப் படம் எடுத்தவர் இல்லை. பஃபலோ என்ற நகரத்தில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுப்பவர். தொழிற்சங்கத்தாரோடு பழகியவர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று பேர் வாங்கினால் பிழைப்பு கெட்டுவிடும். 1957-இல் அரசு விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. உள்ளூர்ப் பத்திரிகை அவரைத் திட்டி எழுதியது. கண்ணாடி வாங்க வருகிறவர்கள் குறைந்து போனார்கள். கையில் நேரம் மிஞ்சியது. அவர் கேமராவை எடுத்தார். ஆசிரியையான அவர் மனைவி ஆன் பக்கத் துணையாக இருந்தார்.

பஃபலோ நகரத்தைச் சுற்றி இரும்பு உருக்காலைகள் இருந்தன. 1970-களின் பிற்பகுதியில் ரொகோவின் அந்த ஆலைகளுக்குள் போனார். உலைக்குப் பக்கத்தில் நிற்கிற தொழிலாளியைப் படம் எடுத்தார். முகத்தில் கரி, தலையில் தொப்பி, கையில் கருவி. பிறகு அதே தொழிலாளியின் வீட்டுக்குப் போனார். அங்கே மனைவி மக்களோடு இன்னொரு படம் எடுத்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆலையில் பூதம் மாதிரி நின்ற ஆள் வீட்டில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். ஆண்கள் மட்டும் இல்லை, உருக்காலையில் வேலை செய்த பெண்களையும் அவர் எடுத்தார். முகமூடியும் கனத்த உடையுமாக ஆலையில் நிற்கும் பெண், வீட்டுப் படத்தில் வேறு ஆள் போலத் தெரிவார்.

அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. "இப்படி நில், அப்படிப் பார், சிரி" என்று சொல்லமாட்டார். எங்கே நிற்பது, எப்படி நிற்பது, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு. எடுத்த படத்தைப் பிரதி போட்டு அவர்களுக்கே கொடுத்துவிடுவார். காசு வாங்கமாட்டார்.

பிறகு என்ன ஆனது? 1983-இல் பஃபலோ பக்கத்திலிருந்த மிகப் பெரிய உருக்காலையின் பெரும்பகுதி மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. ரொகோவின் தாம் படம் எடுத்த தொழிலாளர்களை மறுபடியும் தேடிப் போனார். மறுபடியும் படம் எடுத்தார். அவருடன் ஒரு வரலாற்று ஆசிரியரும் போய் அவர்கள் சொன்ன கதைகளைப் பதிவு செய்தார். 1993-இல் அது புத்தகமாக வந்தது. ஆலை போய்விட்டது. ஆனால் அந்த ஆலையில் யார் வேலை செய்தார்கள், எப்படி நின்றார்கள் என்பது படத்தில் நிற்கிறது.

நம் மும்பையிலும் இப்படி நடந்ததே! 1982 ஜனவரி 18 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர். அதற்குப் பிறகு பல மில்கள் திறக்கவே இல்லை. இன்று அந்த இடங்களில் கடைகளும் உயரமான கட்டடங்களும் நிற்கின்றன. மில்லில் தறிக்குப் பக்கத்தில் மனைவி மக்களோடு நின்று எடுத்த படம் எத்தனை வீட்டில் இருக்கும்? மில்லுக்குள் குடும்பத்தை யார் விட்டார்கள்! ஆனால் நம் பட்டறைக்குள் போக யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டாம். பட்டறையே நம் வீடுதான்.

ஏன் இப்போதே?

தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மாநில அரசு 2004-இல் ஒப்புதல் கொடுத்தது. பல வருடம் பேச்சாகவே இருந்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் அந்த வேலையைப் பிடித்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யாருக்கு எங்கே வீடு, கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு என்ன, மேலே இருப்பவருக்கு என்ன, 2000 ஜனவரி 1-க்கு முன்னால் வந்ததற்குச் சான்று இருக்கிறதா என்றெல்லாம் பேச்சு. அது வேறு பாடம். அதை இங்கே தொடவில்லை.

ஆனால் ஒன்று தெரிகிறது. புது மாடிக் கட்டடத்தில் வீடு வந்தால், அடுப்பும் மெஷினும் தொட்டிலும் ஒரே அறையில் இருக்காது. முறுக்குச் சட்டியை ஏழாவது மாடிக்குத் தூக்கிப் போக விடுவார்களா? வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று பிரிந்துவிடும். அது நல்லதோ கெட்டதோ, இரண்டும் ஒன்றாக இருந்ததை நம் பேரப்பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்றால் படம் வேண்டும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் எடுக்கிற குடும்பப் படம் அரசுச் சான்று ஆகாது. ரேஷன் கார்டு, மின்சாரக் கட்டண ரசீது, போட்டோ பாஸ் ஆகியவற்றைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

யாருக்காக எடுக்கிற படம்?

தாராவிக்குக் கேமராவோடு வருகிறவர்கள் எத்தனையோ பேர். சிலர் சந்தில் நின்று சாக்கடையை மட்டும் எடுத்துப் போகிறார்கள். சிலர் வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, பேசிவிட்டு எடுக்கிறார்கள். நார்வே நாட்டைச் சேர்ந்த யோனாஸ் பெண்டிக்சன் இரண்டாவது வகை. அவர் மும்பையிலும் இன்னும் மூன்று நகரங்களிலும் ஏழை மக்களின் வீடுகளை உள்ளே இருந்து படம் எடுத்தார். ஒரு அறையின் நான்கு சுவரையும் தனித்தனியாக எடுப்பார். 2008-இல் அது புத்தகமாக வந்தது. கண்காட்சியில் நான்கு படங்களையும் நான்கு பக்கத்திலும் காட்டினார்கள். நடுவில் நின்றால் அந்த வீட்டுக்குள்ளேயே நிற்பதுபோல இருக்கும். அந்தக் குடும்பம் பேசுவதும் கேட்கும்.

நூறு வருடத்துக்கு முன்னால் லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்க ஆசிரியர் வேறு காரணத்துக்காகப் படம் எடுத்தார். நியூயார்க்கில் அடுக்குமாடி வீடுகளில் ஏழைக் குடும்பங்கள் வீட்டிலேயே வேலை செய்தன. தாயும் பிள்ளைகளும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து துணிப்பூ செய்தார்கள், பருப்பு உடைத்தார்கள். நம் சந்துதான்! ஹைன் அதைப் படம் எடுத்தார். ஆலைகளுக்கும் போனார். பையனின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்து அளந்துகொள்வார். யாருக்கும் தெரியாமல் சட்டைப் பைக்குள் கையை விட்டுக் குறிப்பு எழுதிக்கொள்வார். பெயர், வயது, வேலை, கூலி. பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை நிறுத்தவேண்டும் என்பது அவர் நோக்கம். 1938-இல் அங்கே நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. படத்தோடு எழுத்தும் இருந்ததால்தான் அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை.

ஹைன் எடுத்த படம் சட்டத்துக்காக. பெண்டிக்சன் எடுத்தது உலகத்துக்காக. நாம் எடுக்கப் போவது நம் சுவருக்காக. அதனால் அதில் எது தெரியவேண்டும், எது தெரியக்கூடாது என்று நாமே முடிவு செய்யலாம்.

எப்படி எடுப்பது?

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு முறுக்கு வீட்டில் படம் எடுத்தோம். செல்போன்தான். மதினிக்கு முதலில் மனசே இல்லை.

"இந்தக் கரிச் சுவத்தையா எடுக்கப் போற தம்பி? நாளைக்கு ஸ்டுடியோவுக்குப் போவோம்."

அண்ணாச்சி சொன்னார்: "ஸ்டுடியோவுக்கு உன் அடுப்பத் தூக்கிட்டுப் போக முடியுமா?"

"அப்ப நான் சேலையாவது மாத்துவேன்."

மாற்றட்டும். அதில் என்ன? மதினி நல்ல சேலை கட்டினார். கையில் முறுக்கு உரலைப் பிடித்தார். அண்ணாச்சி எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். அதுதான் அவர் தினமும் உட்காருகிற இடம். பெரிய பிள்ளை தன் காலேஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றாள். சின்னவன் பரண் ஏணியில் ஏறி இரண்டாவது படியில் நின்றுகொண்டான். இறங்கச் சொன்னதற்கு மாட்டேன் என்றான். விட்டுவிட்டோம். படத்தில் அவன்தான் எல்லாரையும்விட உயரம்.

நீங்களும் எடுக்கலாம். முதலில் போனின் கேமராக் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். நம் வீட்டில் எண்ணெய்ப் புகையும் தூசியும் அதில் படிந்திருக்கும். பாதிப் படங்கள் மங்கலாக வருவது இதனால்தான்.

அடுத்தது வெளிச்சம். நம் சந்துகள் குறுகல். பல வீடுகளில் உச்சி வேளைக்குத்தான் வாசலில் நல்ல வெளிச்சம் விழும். அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு முதுகு காட்டி யாரையும் நிறுத்தாதீர்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் கறுத்துப் போகும். படம் எடுக்கிறவர் வாசல் பக்கம் நிற்கவேண்டும். குடும்பம் உள்ளே நின்று வாசலைப் பார்க்கவேண்டும். உள்ளே டியூப் லைட் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். போனின் பிளாஷ் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்தில் பட்டு வெள்ளையாக அடிக்கும்.

இடம் போதவில்லை என்றால், வாசலுக்கு வெளியே சந்தில் நின்று எடுக்கலாம். எதிர் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போனை உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்குப் பிடியுங்கள். மேலேயிருந்து எடுத்தால் ஆள் குள்ளமாகத் தெரிவார். கை நடுங்கினால் கதவு நிலையில் சாய்த்துப் பிடிக்கலாம்.

அறையைக் காலி செய்யாதீர்கள். மெஷின், அச்சு, சட்டி, தோல் துண்டு எல்லாம் அததன் இடத்தில் இருக்கட்டும். வேலை செய்கிற கைகள் படத்துக்குள் வரவேண்டும். ஆனால் மோட்டாரை நிறுத்திவிட்டு எடுங்கள். அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போதும் எடுக்காதீர்கள். எல்லாரும் போனைப் பார்க்கிற நேரத்தில் முந்தானை பெல்ட்டில் சிக்கும், குழந்தை சட்டியைத் தொடும்.

வேறொருவருடைய பட்டறை என்றால் முதலாளியைக் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த படத்தை வாட்ஸப்பில் போடுவதற்கு முன் படத்தில் உள்ள எல்லாரையும் கேளுங்கள். வீட்டுப் பெண்களையும்தான். "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் வேண்டாம்.

பின்பக்கம்

படத்தைப் போனில் மட்டும் வைத்திருந்தால் போன் கெடும்போது படமும் போய்விடும். ஸ்டுடியோவில் கொடுத்துக் காகிதத்தில் பிரதி போடுங்கள். இரண்டு பிரதி போடுவது நல்லது. ஒன்று இங்கே, ஒன்று ஊரில்.

2005 ஜூலை 26 நினைவிருக்கிறதா? சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று தண்ணீரில் போன பெட்டிகளோடு எத்தனை குடும்பப் படங்கள் போயின! படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் உயரமாக வையுங்கள். சட்டம் போட்டு மாட்டினால், கண்ணாடியும் படமும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

இனி உங்கள் வேலை. படத்தைத் திருப்புங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அங்கே நீங்கள் எழுதவேண்டும்.

பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். கோடு முன்பக்கம் தெரியும். பல படங்களின் பின்பக்கம் வழவழப்பாக இருக்கும். அதில் பென்சில் பிடிக்காது. பிளாஸ்டிக்கில் எழுதும் மெல்லிய மார்க்கர் பேனா கடையில் கிடைக்கும். அதனால் ஓரமாக எழுதி, நன்றாகக் காயவிடுங்கள். காயாமல் அடுக்கினால் மை அடுத்த படத்தில் ஒட்டும்.

முறுக்கு வீட்டு மதினி எங்கள் வகுப்பில் ஆறு மாதம் படித்தவர். அவரே எழுதினார். பெயர்களை எழுதி முடித்ததும், "வேலை" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ரேஷன் கார்டுக்கு யார் வந்து கேட்டாலும் அவருக்கு 'வீட்டு வேலை' என்றே எழுதுவார்களாம். இந்த முறை அவர் "முறுக்கு சுடுபவர், 19 வருடம்" என்று எழுதினார். 'சுடுபவர்' எழுதும்போது 'டு'வா 'ட்டு'வா என்று ஒரு தடவை என்னைக் கேட்டார்.

முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு படத்தின் பின்னால் எழுதுங்கள்.

இடமிருந்து வலமாக நிற்பவர்கள்: ……………………………………

ஒவ்வொருவரும் செய்யும் வேலை: ……………………………………

எத்தனை வருடமாக: ……………………

படத்தில் தெரியும் கருவிகள்: ……………………………………

இடம்: மாட்டுங்கா லேபர் கேம்ப், ……………… சந்து

எடுத்த நாள்: ………………

படம் எடுத்தவர்: ………………

எழுதியவர்: ………………